பிரேக் ஆயிலுக்கும் வயசாகும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. வேலை, குளிர், பிள்ளைகளின் பரீட்சை என்று வழக்கமான சாக்குகள்தான், விட்டுவிடுங்கள்.

ஊரில் யாருக்காவது பைக் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா? தம்பிக்கு, மச்சானுக்கு, அக்கா மகனுக்கு? வெளிநாட்டில் பத்து வருஷம் தள்ளியவர்களில் பாதிப்பேராவது கொடுத்திருப்பீர்கள். அப்படியென்றால் இன்னொரு கேள்வி. அந்த வண்டியில் பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்?

தெரியாது, இல்லையா? ஓட்டுகிறவனுக்கும் தெரியாது. எஞ்சின் ஆயில் மாற்றிய கிலோமீட்டரை மனப்பாடமாகச் சொல்வான், செயினுக்கு எந்த ஸ்பிரே நல்லது என்று அரைமணி நேரம் பேசுவான், சைலன்சரை மாற்ற நம்மிடமே காசு கேட்பான். பிரேக் ஆயில் என்றால் மட்டும் "அதெல்லாம் குறையல மாமா, புல்லாத்தான் இருக்கு" என்பான். குறையவில்லை என்பது உண்மைதான். கெட்டுப்போயிருக்கிறது என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மைக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஒற்றசேகரமங்கலம், முன்பு நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருந்த ஊர். பெயரைச் சொன்னால் சென்னை நண்பர்கள் இரண்டு தடவை திருப்பிக் கேட்பார்கள். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் எங்கள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை போட இரண்டும். தென்கிழக்கே போனால் வெள்ளறடை, அதைத் தாண்டினால் பனச்சமூடு, அங்கே தமிழ்நாடு வந்துவிடும். கே.எல். 19, கே.எல். 20, டி.என். 75 என்று மூன்று நம்பர் வண்டிகளும் ஒரே சாயாக்கடை முன்னால் நிற்கிற பூமி. பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்று எல்லை தாண்டிப் போய் டேங்க் நிரப்புகிற கணக்குப்பிள்ளைகள் நாங்கள் :-)

அந்தப் பக்கம் நிலம் முழுக்க ஏற்ற இறக்கம். ரப்பர் தோட்டத்துக்குள் செம்மண் பாதை, மழைக்காலத்தில் அதுவே ஓடை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் நவம்பரில் வடகிழக்கு, இரண்டுமே எங்களுக்கு உண்டு. காற்றில் எப்போதும் ஈரம். துவைத்த துணி காயாது, உப்பு கட்டி தட்டும். இந்த ஈரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இப்படிப்பட்ட நிலத்துக்கு மண்பாதை வண்டி பொருத்தம்தான், ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். 2011-ல் ஹீரோ இம்பல்ஸ் வந்தபோது முன் சக்கரத்துக்கு டிஸ்க், பின்னால் டிரம். 2016-ல் ராயல் என்பீல்ட் ஹிமாலயன், 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 எல்லாம் வந்தபோது இரண்டு சக்கரத்துக்குமே டிஸ்க். எங்கள் தலைமுறையின் ஆர்எக்ஸ் 100-ல் டிரம்தான். அதில் பின் பிரேக் குறைந்தால், கம்பி முனையில் இருக்கிற நட்டைக் கையால் நாலு சுற்று சுற்றினால் முடிந்தது. எட்டாம் வகுப்புப் பையன்கூடச் செய்வான். டிஸ்க் வந்தது நல்லது. மழையில், சகதியில் டிரம்மைவிட எவ்வளவோ மேல். ஆனால் டிஸ்க்கோடு கூடவே ஒரு திரவம் வந்தது. அதைப் பற்றி மட்டும் யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தில், கொவென்ட்ரி. பிழைப்பு ஹைட்ராலிக் இயந்திரங்களோடு. பக்கத்து ஊரான லெமிங்டன் ஸ்பாவில்தான் ஆட்டோமோட்டிவ் புராடக்ட்ஸ் என்ற நிறுவனம் ஒரு காலத்தில் லாக்ஹீட் பிரேக்குகளைச் செய்தது. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர் 1910-களில் உருவாக்கிய ஹைட்ராலிக் பிரேக், 1921-ல் டியூசன்பர்க் காரில் நாலு சக்கரத்துக்கும் வந்தது. மோட்டார் சைக்கிளில் 1969-ல் ஹோண்டா சிபி 750 முன் டிஸ்க்கோடு வந்து வழக்கமாக்கியது. மண்பாதை வண்டிகளுக்கு 1980-களின் தொடக்கத்தில் வந்தது. நூறு வருஷத்துக்கும் மேலான சங்கதி. இன்னும் நம் ஊரில் அது மந்திரப்பெட்டி மாதிரியே நடத்தப்படுகிறது.

மந்திரம் ஒன்றும் இல்லை. லீவரை அமுக்கினால் மேலே ஒரு சின்ன பிஸ்டன் திரவத்தைத் தள்ளும். கீழே காலிப்பரில் பெரிய பிஸ்டன்கள் பேடை டிஸ்க்கில் அழுத்தும். உதாரணத்துக்கு மேலே 12 மி.மீ. விட்டத்தில் ஒன்று, கீழே 24 மி.மீ. விட்டத்தில் இரண்டு என்றால், பலம் எட்டு மடங்காகும். அதற்கு விலையாக, நகர்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். மேலே பிஸ்டன் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் தள்ளப்படுகிற திரவம் ஏறக்குறைய 1.1 மில்லி லிட்டர். ஒரு சின்ன மாத்திரை அளவு! அந்தப் பாதையில் 1 மில்லி லிட்டர் காற்று இருந்தால் என்ன ஆகும்? திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். லீவரின் முழு அசைவும் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். பேடுக்குப் போய்ச்சேர ஒன்றும் மிஞ்சாது. பொதபொதவென்று லீவர் கைப்பிடிவரை வருவதற்குக் காரணம் இதுதான்.

சரி, மூடிய குழாய்க்குள் காற்று எங்கிருந்து வரும்? கசிவு இருந்தால் வரும், மேல் டப்பாவில் அளவு குறைந்தால் வரும். மூன்றாவதாக, திரவமே கொதித்தால் ஆவி வரும். இந்த மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

நம் வண்டிகளில் பெரும்பாலும் டாட் 4 என்ற வகை. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது அதற்கான அளவுகோல். ஆனால் இது ஈரத்தை உறிஞ்சும் திரவம். ரப்பர் குழாய் வழியாக, மூடியின் காற்றுத்துளை வழியாக, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் கொதிநிலைக்கான அளவுகோல் 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205-லிருந்து 140. மேலே சொன்ன எங்கள் ஊர் ஈரக்காற்று ஞாபகம் இருக்கிறதா? வண்டி நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருஷம். கிலோமீட்டர் கணக்கு இதற்குக் கிடையாது. நாம் லீவுக்கு வந்தால் மட்டும் எடுக்கிற வண்டிக்கும் இதே கதிதான்.

இப்போது இறக்கத்துக்கு வாருங்கள். வண்டி, ஓட்டுகிறவன், பின்னால் கூட்டாளி எல்லாம் சேர்த்து 290 கிலோ. 200 மீட்டர் உயரம் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் பிரேக்கிலேயே பிடித்தால் வெளிவருகிற சூடு ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுசாக ஆவியாக்கப் போதும். எஞ்சினும் காற்றும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளும், சரி. ஆனால் நம் பையன்களுக்கு இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு, பின் பிரேக்கில் காலை ஊன்றியே வருகிற பழக்கம் உண்டு. பெட்ரோல் மிச்சமாம்!

என் அக்கா மகன், எனக்கு மருமகன், விழுந்தது இப்படித்தான். மூன்று வருஷம் ஓடிய வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளறடைக்கு மேலே மலைப்பக்கம் போய்விட்டு, கூட்டாளியைப் பின்னால் வைத்துத் தோட்டப் பாதையில் இறங்கி வந்திருக்கிறான். கடைசி வளைவுக்கு முன்னால் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. பெடலும் அடிவரை போயிருக்கிறது. வண்டியைக் கையாலையில் சாய்த்து நிறுத்தினான். (கையாலை தெரியாதவர்களுக்கு: தோட்டத்துக்கு எல்லையாக எழுப்புகிற மண்சுவர்.) காறையெலும்பு முறிந்தது. கூட்டாளிக்கு முழங்கை தோலோடு போனது. அந்தக் கையாலை இல்லையென்றால் கீழே பாறை.

எனக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகு நடந்ததில். மறுநாள் காலையில் வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போனார்கள். அங்கே லீவரை அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள். கல் மாதிரி நிற்கிறது. "பிரேக் ஒண்ணும் கேடில்ல, பய ஸ்பீடா வந்திருப்பான், அதான்" என்று தீர்ப்பு ஆகிவிட்டது. அத்தான் அதை நம்பினார், ஊரும் நம்பியது. மருமகன் போனில் என்னிடம் அழாத குறை. "மாமா, பிரேக் பிடிக்கல மாமா. சத்தியமா பிடிக்கல. ஆனா இப்பம் பிடிக்குது. நான் பொய் சொல்லுதேன்னு அப்பா சொல்லுதாவ."

அவன் சொன்னது பொய்யாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. கொதித்த திரவத்தில் வந்த ஆவி, ஆறினதும் திரும்பத் திரவமாகிவிடும். ஒரு மணி நேரத்தில் லீவர் பழையபடி கெட்டியாகிவிடும். நடந்ததற்குச் சாட்சியே மிஞ்சாது. வேகமாக வந்தானா என்று அங்கே இல்லாத நான் சொல்ல முடியாது. ஆனால் குளிர்ந்த வண்டியின் லீவரை அமுக்கிப் பார்த்து அவன் மேல் பழி போடுவது நியாயம் இல்லை. மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். உள்ளே கட்டன்சாயா நிறம். புதிய டாட் 4 வெளிறிய மஞ்சளாக இருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் இலவச சர்வீஸ் முடிந்த பிறகு ஒரு பக்கத்திலும் பிரேக் ஆயில் என்ற சொல்லே கிடையாது. அந்த டப்பாவின் போட்டோவை அத்தானுக்கு அனுப்பி, விஷயத்தைப் போனில் விளக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவர் ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். திட்டுவதை நிறுத்தினார். அது போதும்.

இப்போது கோளாறு பார்க்கிற கதை. நம் ஊரில் எல்லாக் கோளாறுக்கும் ஒரே மருந்து, "ரெண்டு பம்ப் அடி, சரியாகும்." ஐயா, இரண்டு பம்ப் அடித்தால் சரியாகிறது என்பதே கோளாறுக்கான அத்தாட்சி! முதல் அமுக்கில் பொதபொத, மூன்றாவதில் கெட்டி என்றால் பெரும்பாலும் உள்ளே காற்று. ஆனால் அதற்கு முன்னால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். டிஸ்க் வளைந்திருந்தாலோ, வீல் பேரிங் ஆடினாலோ, அது ஒவ்வொரு சுற்றிலும் பேடைப் பின்னால் தள்ளிவிடும். அப்போதும் முதல் அமுக்கு வீணாகும். தோட்டத்துக் கல்லில் டிஸ்க் இடித்த வண்டிகளில் இது சகஜம். இதற்கு எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் தீராது.

லீவரை ஒரே பலத்தில் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால், வெளியே எங்காவது ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. கப்பை மாற்றவேண்டும், வேறு வழி இல்லை. காலையில் நன்றாக இருந்து இறக்கத்தில் மட்டும் மெலிந்தால், அது மருமகன் கேஸ். லீவர் கல் போல இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் திரவத்தைக் குறை சொல்லாதீர்கள். பேடில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது பேட் கண்ணாடி போல மினுங்கிப் போயிருக்கும், அல்லது காலிப்பர் நகர்கிற பின்னில் சகதி இறுகியிருக்கும். மண்பாதை வண்டிக்கு இந்தக் கடைசி வியாதி வருஷா வருஷம் வரும். எண்ணெய் பட்ட பேடைத் தீயில் வாட்டுவது, பெட்ரோலில் கழுவுவது எல்லாம் வேண்டாம். தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடுங்கள்.

பிடித்த பிரேக் விடவே மாட்டேன் என்கிறதா? லீவருக்குச் சின்ன விளையாட்டு இடைவெளி இருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால், திரவம் சூட்டில் விரியும்போது மேல் டப்பாவுக்குத் திரும்பிப்போகிற நுண்துளை மூடியே இருக்கும், பிரேக் தானாகவே இறுகிக்கொண்டே போகும். லீவரை விரலுக்கு எட்ட வைக்கிறேன் என்று ஸ்குருவை முறுக்குகிறவர்கள் கவனிக்கவேண்டியது.

போன கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போனபோது மருமகனையும் வண்டியையும் முற்றத்தில் நிறுத்தினேன். "மாமா, இதெல்லாம் ஒர்க்‌ஷாப்புல செய்வாவல்லா, நாம எதுக்கு?" என்றான்.

"செய்வாவ மக்களே. செஞ்சாவளா இல்லையான்னு நீ எப்பிடி அறிவ?"

அக்கா சாயாவோடு வந்து, "நீ பிளேன் ஏறி வந்ததே இதுக்குத்தானா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒருவகையில் ஆமாம்.

சாமான் அதிகம் வேண்டாம். 8-ஆம் நம்பர் ரிங் ஸ்பானர் (சில வண்டிகளுக்கு 10), மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கிற சலைன் டியூப், ஒரு பெரிய ஊசி இல்லாத சிரிஞ்ச், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், துணி, ஒரு வாளித் தண்ணீர். முக்கியமாக, சீல் உடைக்காத பிரேக் ஆயில். இரண்டு மூன்று லிட்டர் பெட்ரோல் காசுக்குள் கிடைத்துவிடும். ஒர்க்‌ஷாப் அலமாரியில் மூடி லேசாகத் திறந்து ஆறு மாதமாக நிற்கிற பாட்டில் வேண்டவே வேண்டாம். அதுவும் காற்றிலிருந்து ஈரம் குடித்துக்கொண்டுதான் நிற்கும். டாட் 4 எழுதிய வண்டிக்கு டாட் 4. டாட் 5.1-உம் அதே குடும்பம்தான், சேரும். ஆனால் வெறும் டாட் 5 என்பது சிலிகான், அதைக் கலக்கக்கூடாது. உங்கள் பிள்ளைகளின் மலைச் சைக்கிளில் ஷிமானோ டிஸ்க் பிரேக் இருந்தால் அதற்கு மினரல் ஆயில். டாட் திரவம் ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். அதேபோல பைக் பிரேக்கில் எஞ்சின் ஆயிலோ கிரீஸோ போனால் ரப்பர் உப்பிவிடும்.

மேல் டப்பா மட்டமாக நிற்கும்படி ஹாண்டிலைத் திருப்பி வைத்தோம். சுற்றிலும் ஈரத்துணி. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். மூடியின் ஸ்குரு சரியான அளவு டிரைவர் இல்லாவிட்டால் தலை வழுக்கிவிடும், ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புவது நல்லது. உள்ளே இருந்த கட்டன்சாயாவைச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்து, அடியில் கிடந்த கசடைத் துடைத்து, புதுசை ஊற்றினோம். கீழே காலிப்பர் நிப்பிளின் ரப்பர் தொப்பியைக் கழற்றி, முதலில் ஸ்பானர், அதன்மேல் டியூப். டியூபின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் புதுத் திரவத்துக்குள் முங்கியிருக்க வேண்டும்.

இனி வேலை ஒரே தாளம். அவன் லீவரை அமுக்கிப் பிடிப்பான். நான் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன். பழைய திரவம் டியூபில் ஓடும், லீவர் கைப்பிடிவரை இறங்கும். நான் பூட்டுவேன். அதற்குப் பிறகுதான் அவன் விடுவான். பூட்டுவதற்கு முன்னால் விட்டால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிவிடும். "அமுக்கு... பிடி... பூட்டியாச்சு... விடு." பத்துத் தடவைக்குள் அவனே தாளம் பிடித்துவிட்டான். ஐந்து ஆறு அமுக்குக்கு ஒருதரம் மேல் டப்பாவைப் பார்த்து நிரப்பவேண்டும். அங்கே அளவு அடிக்குப் போய்க் காற்று புகுந்தால் முதலிலிருந்து ஆரம்பம். டியூபில் பழுப்பு மாறி மஞ்சள் வந்து, குமிழி நின்று, லீவர் கெட்டியாக நிற்கும்வரை தொடர்ந்தோம். ஸ்பானரை மாற்றிப் பிடித்து, அவனையும் திறந்து பூட்டவிட்டேன்.

முன் பிரேக்கில் சில சமயம் ஒரு பிடிவாதக் குமிழி மேலேயே, குழாய் மாஸ்டர் சிலிண்டரில் சேருகிற வளைவில் உட்கார்ந்துகொள்ளும். காற்று மேலே ஏறத்தான் பார்க்கும், நாம் அதைக் கீழே தள்ளப் பார்க்கிறோம். குழாயை ஸ்குரு டிரைவர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். அசையாவிட்டால் லீவரைச் சைக்கிள் டியூப் துண்டால் கட்டி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அவிழ்க்கும்போது பெரும்பாலும் மேலே வெளியேறிவிடும். இல்லையென்றால் கீழிருந்து சிரிஞ்சால் புதுத் திரவத்தை மேல்நோக்கித் தள்ளலாம். அப்போது மேல் டப்பா வழியாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும்.

நிப்பிளை இறுக்கும்போது வீரம் காட்டாதீர்கள். உள்ளே ஓட்டை உள்ள சின்ன ஸ்குரு அது, 6 நியூட்டன் மீட்டர் போலத்தான் தாங்கும். மணிக்கட்டு பலம் போதும். மேல் டப்பாவை மேல் கோட்டுக்கு மேலே நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய மட்டம் இறங்குவது இயல்பு. இறங்கிய மட்டம் "பேடைப் பார்" என்று சொல்கிறது; பார்க்காமல் ஊற்றி நிரப்பினால் அந்தத் தகவல் போய்விடும். கடைசியில் லீவரை ஓங்கி அமுக்கி ஒரு நிமிஷம் பிடித்து, எங்கும் ஈரம் கசியவில்லை என்று பார்த்து, முற்றத்திலேயே மெதுவாக உருட்டி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டுக்கு விட்டேன்.

ஏபிஎஸ் வண்டியில் இதைச் செய்யலாமா என்று கேட்பீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் 125 சிசிக்கு மேல் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம், ஆகவே கேள்வி நியாயம். பழைய திரவத்தை மாற்ற மட்டும் இதே முறை பொதுவாகப் போதும். மேல் டப்பா காலியாகி ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போய்விட்டால், அதை வெளியேற்ற சர்வீஸ் சென்டரின் கருவி வேண்டியிருக்கும். அங்கே முற்றத்து வைத்தியம் வேண்டாம்.

"பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது, வீட்டில் தொடாதே, தெரிந்தவன் செய்யட்டும்" என்று ஒரு கட்சி உண்டு. இங்கே என் வேலையிடத்து நண்பர் ஒருவர் அப்படித்தான் வாதாடுவார். பாதி ஒத்துக்கொள்கிறேன். ஸ்பானர் பிடித்தே பழக்கமில்லாதவர் தனியாக ஆரம்பிக்கக்கூடாது. ஆனால் ஒருதரம் தன் கையால் செய்த பையன், அடுத்த தடவை ஒர்க்‌ஷாப்பில் நின்று, "அண்ணாச்சி, புது பாட்டில் உடைங்க, நான் பாக்கணும்" என்று கேட்பான். லீவர் மெலிந்தால் அன்றைக்கே நிறுத்துவான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சட்டமும் இங்கே நமக்கு உதவவில்லை. இங்கிலாந்தில் 1960-ல் எம்ஓடி சோதனை தொடங்கியது. இப்போது பைக்குக்கும் மூன்று வயதானால் வருஷாவருஷம் சோதனை. பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்காமல் சான்றிதழ் கிடையாது. இந்தியாவில் சொந்த உபயோக பைக்குக்குப் பதிவு 15 வருஷம் செல்லும். அந்த 15 வருஷத்தில் பிரேக்கைச் சோதித்துக் காட்டு என்று யாரும் கேட்கமாட்டார்கள். புகைச் சான்றிதழ் கேட்பார்கள், இன்சூரன்ஸ் கேட்பார்கள். பிரேக்குக்கும் ஒரு சோதனை கொண்டுவந்தால் அதுவும் காசு கொடுத்து வாங்குகிற காகிதமாகிவிடும் என்று சிலர் சிரிக்கலாம். புகைச் சான்றிதழை நாம் நடத்துகிற லட்சணத்தைப் பார்த்தால் எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அப்படியும், கொண்டுவர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். வருஷத்துக்கு ஒருதரம் ஒரு மனிதர் லீவரை அமுக்கிப் பார்ப்பார் அல்லவா?

அதுவரை அந்த மனிதர் நாம்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் போடும்போது, வண்டியின் மேல் டப்பா கண்ணாடியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கறுத்திருந்தால் அடுத்த மாதப் பணத்தோடு ஒரு பாட்டிலுக்கும் சேர்த்து அனுப்புங்கள். நிறம் நன்றாக இருந்தாலும் இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், தண்ணீர் கலந்தது எப்போதும் நிறத்தில் தெரியாது. வடித்தெடுத்த பழசை ஆற்றிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல், பாட்டிலில் மூடி ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆயிலோடு கலக்கவேண்டாம்.

பின்னால் டிரம் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கேபிள், ஷூ, ஆர்எக்ஸ் 100 பெருமை எல்லாவற்றுக்கும் இன்னொரு பதிவு உண்டு.